கடப்பாரை கேட்டு வந்த மருமவனுக்கு

குந்து மருமவனே. கடப்பாரைதானே? அது எங்கயும் ஓடிடாது, கதவு மூலையில சாத்தி வெச்சிருக்கேன். மொதல்ல மோர் குடி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஆள் உசர மெஷினுங்களோட பொழங்கற புள்ள, கொல்லையில ஒரு வயர் புதைக்க இந்தக் கெழவன் வூட்டு வாசப்படி ஏறி வந்தியே, ஆரம்பாக்கம் பூரா சொல்லிக்கினு திரிவேன்.

இன்னா திட்டம், சொல்லு. வூட்டுலேர்ந்து கெணத்தடி மோட்டாருக்கு ஒரு லைனு. போற வழியில அந்த சிமெண்டுப் பூநாரைக்கு ஒரு லைட்டு. கேள்விப்பட்டேன், ஊரே கேள்விப்பட்டுச்சி. நம்ம பழவேற்காடு ஏரிக்கு மழை ஓஞ்சதும் நெசப் பூநாரை கூட்டம் கூட்டமா வந்து ஒத்தக் கால்ல நிக்குது. கரண்டு கேக்கல, துட்டு கேக்கல. மெட்ராசுலேர்ந்து ஜனம் வண்டி வெச்சிக்கினு வந்து பாத்துட்டுப் போவுது. நீ இன்னாடான்னா சிமெண்டுல ஒண்ணு வாங்கியாந்து, அது வயித்துக்குள்ள செவப்பு பல்பு மாட்டணும்ன்ற. செய், யார் வேணாம்னா? உன் துட்டு, உன் பூநாரை. முட்டை போட்டா எனக்கு ஒண்ணு குடுத்தனுப்பு.

எவ்ளோ ஆழம் தோண்டப் போற? அரை அடியா! செல்லுல எவனோ சொன்னானா? தங்கமான புள்ளயா இருப்பான். கோழி கெளறினா நாலு விரக்கடை. நாய் எலும்பு பொதச்சா ஒரு சாண். உன் சம்சாரம் கத்திரி நாத்து நட களைக்கொட்டு போட்டா அரை அடி. பெருச்சாளியப் பத்திப் பேசவே வேணாம், அது உன் வூட்டு அஸ்திவாரத்தையே அளந்து வெச்சிருக்கு. இத்தினி பேருக்கும் எட்டற மாதிரி கேபிள வெக்கணும்னா அரை அடிதான் தோது. ஜீவகாருண்யம்னா இதுதான்.

புதைக்கறதே தப்புன்னு நான் சொல்லல, கோச்சிக்காத. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா அடிச்சப்ப கம்பம் கம்பமா சாஞ்சத நானும்தான் பாத்தேன். அதுக்கு முன்ன, 2011 கடைசியில தானே புயல் கடலூரச் சுருட்டிப் போட்டுது. அப்புறந்தான் உலக வங்கித் துட்டு வாங்கி கடலூரு, நாகப்பட்டினம், வேளாங்கண்ணியில கம்பியப் பூமிக்குள்ள எறக்கற வேலையே ஆரம்பிச்சாங்க. கடலோரத்துல குடியிருக்கறவனுக்கு கரண்டு தலைக்கு மேல இருக்கறத விட காலுக்குக் கீழ இருக்கறது நல்லதுதான். ஆனா தலைக்கு மேல இருந்தா கண்ணுக்குத் தெரியும். காலுக்குக் கீழ போச்சின்னா, புதைச்சவன் புத்தியில ஒண்டிதான் இருக்கும். அந்த புத்தி எத்தினி நாளு இருக்கும்ன்றதுதான் பேச்சே.

சரி, அந்தக் கடப்பாரைய இப்படி எடுத்தா. நுனியப் பாரு. ஒரு பக்கம் வவ்வாலு கடிச்ச கொய்யா மாதிரி இருக்கில்ல? கல்லு மேல மோதினா மழுங்கும், இப்படிக் கொழகொழன்னு குழி விழாது. அது இரும்பு உருகின எடம்.

உன் அத்தை முருங்கைக் கொம்பு நடணும்னு நின்னா. குழி போட்டேன். அதுக்கு ஏழெட்டு வருசம் முன்னால, ஆட்டுக்கொட்டாய்க்கு லைட்டு வேணும்னு அந்த எடத்துல வயர் புதைச்சதும் நானேதான். வூட்டுக்குள்ள செவுத்துல அடிக்கிற சாதா வயரு. அத்த, செடிக்குத் தண்ணி உடற ரப்பர் பைப்புல நுழைச்சி, ஒரு சாண் ஆழத்துல போட்டு, மண்ணத் தள்ளி மிதிச்சி, மீசைய முறுக்கிக்கினேன். வயர்மேன் கேட்ட கூலி எனக்கு அநியாயமாத் தெரிஞ்ச காலம் அது. எட்டு வருசத்துல நான் மறந்துட்டேன், வயரு மறக்கல. ரெண்டாவது போடு. வெள்ளையா ஒரு வெளிச்சம், தீவாளி வெடி மாதிரி ஒரு சத்தம், நான் ஆட்டுக்கொட்டாய் ஓரமா மல்லாக்கக் கெடக்கேன். உன் அத்தை ஓடியாந்து மொதல்ல கேட்டா: "முருங்கக் கொம்பு ஒடஞ்சிதா?"

சிரி, சிரி. நான் பொழச்சது கெட்டிக்காரத்தனத்தால இல்ல. கடப்பாரை ரெண்டு கம்பியயும் ஒரே கடியில கடிச்சிது, பியூஸ் போச்சி. பேஸ் கம்பிய ஒண்டி தொட்டிருந்தா, ஈர மண்ணுல வெறுங்காலோட நின்ன என் ஒடம்பு வழியா கரண்டு எறங்கியிருக்கும். பியூசு அசையாம குந்தி வேடிக்கை பாத்திருக்கும். பியூசுன்றது வயரு எரியாம இருக்க வெச்சது மருமவனே, மனுசன் சாவாம இருக்க வெச்சது இல்ல. அஞ்சு ஆம்பியர் பியூசு போவறதுக்கு அஞ்சுக்கு மேல வேணும். மனுசன் போவறதுக்கு ஒரு ஆம்பியர்ல பத்துல ஒரு பங்கே தாராளம்.

ஆழம் தெரியாம கால உடாதேன்னு நம்ம பெரியவங்க சொன்னது ஏரிக்கு. ஆழம் தெரியாம கடப்பாரைய உடாதேன்றது நான் மல்லாக்கக் கெடந்து கண்டுபுடிச்சது.

அப்புறம் விசாரிச்சேன். இதுக்குன்னு இந்தியத் தர நிர்ணயத்துல ஒரு புஸ்தகமே இருக்குது, ஐ.எஸ். 1255-ன்னு, 1983-ல போட்டது. வூட்டு மோட்டாருக்குப் போற மாதிரி லோ வோல்டேஜ் கேபிளுக்கு, தரையிலேர்ந்து கேபிளோட முதுகு வரைக்கும் 75 சென்டிமீட்டர் இருக்கணும்ன்றான். ரெண்டரை அடி. கேபிளுக்குக் கீழ மணல் மெத்தை போடணும், அதயும் சேத்து மூணடி தோண்டிடு. நீ குழிக்குள்ள எறங்கி நின்னா தொடை முங்கணும். கேட்டுலேர்ந்து வூட்டு வரைக்கும் வண்டி போற பாதைய குறுக்கே தாண்டினா ஒரு மீட்டர். நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையில மூணடி தோண்டினா கேபிளுக்கு பதிலா கெணறுதான் கெடைக்கும். அதனால பங்குனி சித்திரையில தோண்டு. உன் பூநாரை அதுவரைக்கும் இருட்டுல நிக்கட்டும், நெசப் பூநாரை காலங்காலமா அப்படித்தான் நிக்குது.

வயரு வாங்கிட்டியா? காட்டு. ம்ம். நான் அன்னிக்கு வாங்கினதுக்கு இது தம்பி. திருப்பிக் குடுத்துடு. பூமிக்குள்ள போவறதுக்குன்னு ஆர்மர்டு கேபிள் இருக்குது. நண்டு மாதிரின்னு வெச்சிக்கோ. உள்ள சதை, அதாவது கம்பியும் அதோட காப்பும். அத்தச் சுத்தி இரும்புக் கம்பியில ஒரு ஓடு. அதுக்கு மேல கருப்பா ஒரு தோலு. அந்த இரும்பு ஓட்ட ரெண்டு முனையிலயும் கிளாண்டு போட்டு இறுக்கி, எர்த்தோட சேக்கணும். சேத்தாதான் அது ஓடு, சேக்கலன்னா வெறும் தகர டப்பா. எவனாச்சும் கடப்பாரை போட்டா, நுனி மொதல்ல எர்த்துல இருக்கற இரும்பத் தொடும், அதுக்கப்புறந்தான் கம்பிய. கரண்டு ஆள் பக்கம் வராம எர்த்துப் பக்கம் பாயும், சுவிட்சு உழுந்துடும். எத்தினி சதுர மில்லிமீட்டர் வேணும்னு வயர்மேன் கணக்குப் போடட்டும். தூரம் கூடினா வோல்டேஜ் கொறையும், மோட்டாரு பிரசவக்காரி மாதிரி முனகும்.

ஆர்மர்டு வேணாம், சாதா வயர பிளாஸ்டிக் பைப்புல உட்டுக்கறேன்னா? வா, உனக்கு ஒரு கதை சொல்றேன். வெள்ளைக்காரன் காலத்துல மெட்ராசுல டிராம் வண்டி உட்டான், 1895-ல. நம்ம நாட்டுலயே மொத மொதல்ல கரண்டுல ஓடின டிராம் அதுதான். கம்பிய ஆகாசத்துல தொங்க உட்டா அசிங்கமா இருக்கும்னு நெனச்சானோ இன்னாவோ, ரோட்டுக்கு நடுவுல குழாய் மாதிரி பள்ளம் வெட்டி, அதுக்குள்ள கரண்டு ஓட உட்டான். மெட்ராசு மழை வந்துது. பள்ளம் வாய்க்கா ஆச்சி. பேசாம கம்பிய மேல தூக்கிக் கட்டினான். அப்புறம் 1953-ல கம்பெனி மூடற வரைக்கும் டிராம் மேல் கம்பியிலதான் ஓடிச்சி. சீமையில படிச்சிட்டு வந்த எஞ்சினீயருக்கே நம்ம ஐப்பசி மழை பாடம் எடுத்துச்சி, நீ நாப்பது ரூபா பைப்ப நம்பி நிக்கிற. பைப்புன்னா தண்ணி உள்ள போவும், வெளிய வராது. தண்ணி போவலன்னாலும் உள்காத்து வேத்து சொட்டும். மாட்டேன், பைப்புதான்னு அடம் புடிச்சா தடிமனா எச்.டி.பி.ஈ. பைப்பு வாங்கு, ஒரு பக்கம் வாட்டம் குடு, ரெண்டு வாயயும் நல்லா அடை. உள்ள போறது மட்டும் பூமிக்குன்னே செஞ்ச கேபிளா இருக்கட்டும்.

அடுத்தது நம்ம மண்ணு. இங்கதான் மெட்ராசுல செய்யற மாதிரி செஞ்சா நமக்கு ஆவாது. நம்ம கொல்லையில எங்க தோண்டினாலும் கிளிஞ்சலு. பக்கத்துல ஒரு ஊருக்கே சுண்ணாம்புகுளம்னு பேரு. தோண்டின மண்ணையே திருப்பி கேபிள் மேல தள்ளினியோ, ஒவ்வொரு ஓடும் ஒரு பிளேடு. மேல மண்ணோட பாரம் அழுத்தும், ஓடு கேபிளோட தோல மெல்லக் கீறும். கீறின எடத்துல உப்புத் தண்ணி எறங்கும். இரும்பு ஓடு துருப் புடிச்சி உப்பி வெடிக்கும். ஒரு நாள்ல நடக்காது, ரெண்டு மழைக்காலம் போவும். நீ பூநாரைக்கு பெயிண்ட் அடிச்சிக்கினு இருப்ப, கீழ ஏரி தன் வேலைய பாத்துக்கினு இருக்கும்.

அதனால சலிச்ச ஆத்து மணலு, இல்லன்னா எம்-சாண்டு. ஏரிக்கரை மணல ஓசியா அள்ளியாந்து போடாத, ஓசி மணல்ல உப்பும் ஓசி. அடியில மூணு அங்குலம் மெத்தை, கேபிள நெளியாம படுக்க வை, ஆனா வெறப்பா இழுத்துக் கட்டாத, ரெண்டு முனையிலயும் ஒரு சுத்து மிச்சம் உடு. அதுக்கு மேல இன்னொரு மூணு அங்குலம் மணல். அதுக்கு மேல செங்கல்ல வரிசையா படுக்க போடு. ஈ.பி.காரன் ரோட்டோரம் கேபிள் போடறப்ப பாத்திருப்ப, செங்கல் அடுக்குவான். செங்கல்லு காவலுக்கு மட்டும் இல்ல, சேதி சொல்றதுக்கும். தோண்டறவன் கடப்பாரை செங்கல்ல தட்டினா, 'இங்க எவனோ இன்னாவோ பண்ணி வெச்சிருக்கான்'னு நின்னு யோசிப்பான். அதுக்கும் மேல, தரைக்கு ஒரு அடி கீழ, அபாயம்னு அச்சடிச்ச மஞ்ச நாடா ஒண்ணு கெடைக்குது, அத்த உருட்டி உடு. மண்வெட்டி மொதல்ல அந்த நாடாவத்தான் இழுத்து வெளிய போடும்.

நடுவுல ஒட்டு போடாத. கேபிள் பத்தலன்னா பூமிக்குள்ள ஒட்டு போட்டு கருப்பு டேப்பு சுத்தறவன், ஓட்டை படகுக்கு சோத்துப் பருக்கைய வெச்சி அடைக்கறவன். ஒரே முழம் கொறைஞ்சாலும் வேற கேபிள் வாங்கு. இல்ல, தரைக்கு மேல பொட்டி வெச்சி அதுல சேரு.

தண்ணிப் பைப்பும் கேபிளும் ஒரே பள்ளத்துலயா? வேலை மிச்சம்ன்றியா? நம்ம ஏரியில பாடுன்னு ஒரு முறை எதுக்கு வெச்சான்? எந்த ஊர்க்காரன் எந்த எடத்துல எந்த நாளு வலை போடறதுன்னு முறை வெச்சி சீட்டுப் போட்டான், ஒருத்தன் வலை இன்னொருத்தன் வலையில சிக்கக் கூடாதுன்னு. தண்ணிப் பைப்புக்கு ஒரு பாடு, கரண்டுக்கு ஒரு பாடு. நடுவுல ஒரு அடியாச்சும் எடம் உடு. தண்ணிப் பைப்பு உடைஞ்சி அத்தத் தோண்டற நாள்லதான் கேபிளு வெட்டுப்படும், எழுதி வெச்சிக்கோ. செப்டிக் டேங்கு பக்கமும் போவாத, தென்னை வேரு பக்கமும் போவாத. செவுத்தோரமா நேராப் போ. நேராப் போனா, மறந்து போனவன் கூட ஊகிச்சிடுவான்.

எழுதி வெச்சிக்கோன்னேனே, அதுதான் இத்தினி நேரம் நான் சொல்ல வந்தது. பழவேற்காட்டுல ஒல்லாந்தன் கல்லறை இருக்கில்ல, சர்க்காரு வேலி போட்டு வெச்சிருக்கே. 1613-ல அங்க கோட்டை கட்டினவனுங்க. கோட்டை மண்ணாப் போச்சி. கல்லறை இன்னமும் நிக்குது. எவன் எங்க படுத்திருக்கான், எந்த வருசம் செத்தான்னு கல்லுல செதுக்கி வெச்சிருக்கான், நானூறு வருசம் கழிச்சி நீ போய் நின்னு படிக்கலாம். செத்தவனப் புதைச்சதுக்கே அவன் அடையாளம் வெச்சான். நீ 230 வோல்ட்டு உசுரோட இருக்கறத புதைச்சிட்டு மேல புல்லு வளக்கறேன்ற! ஏரியில ராத்திரி வலை போட்டுட்டு மிதவை கட்டாம கரைக்கு வந்தவன நீ பாத்திருக்கியா? அப்படி வந்தான்னா ஊரு அவனுக்கு இன்னா பேரு வெக்கும்? இங்க சொல்ல மாட்டேன், உன் அத்தை உள்ள இருக்கா.

பள்ளத்த மூடறதுக்கு முன்னால செல்லுல நாலு போட்டோ எடு. செவுத்துலேர்ந்து எத்தினி அடி, எவ்ளோ ஆழம், எங்க திரும்புதுன்னு ஒரு காகிதத்துல கோடு போட்டு, மீட்டர் பொட்டிக் கதவு உள்பக்கம் ஒட்டு. திரும்பற எடத்துல எல்லாம் ஒரு கல்லு நடு. அப்புறம் வயர்மேன, கேபிளோட காப்ப அளக்கற மெக்கர் வெச்சி பாக்கச் சொல்லு, மூடறதுக்கு முன்ன ஒரு தரம், மூடினதும் ஒரு தரம். ஒரு மெகாஓமுக்குக் கீழ காட்டினா கேபிளு எங்கயோ மூச்சு உடுதுன்னு அர்த்தம், கரண்டு குடுக்காத. வயர்மேன்னா லைசென்சு இருக்கறவன். டெஸ்டர மேல் பாக்கெட்டுல சொருகிக்கினவன் எல்லாம் வயர்மேன் இல்ல, சில பேரு அத்த காது குடையத்தான் வெச்சிருக்கான்.

மோட்டார் பொட்டிய எங்க வெக்கப் போற? முழங்கால் உசரத்துலயா? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்து நம்ம திருவள்ளூர் ஜில்லாவ முக்கி எடுத்துச்சே, அன்னிக்கு உன் கொல்லையில தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சின்னு உன் செவுத்துல கறை இருக்கும், போய் பாரு. அந்தக் கறைக்கு மேல ரெண்டடி. மழைக்குத் தாங்கற பொட்டி, கேபிளு கீழேர்ந்து உள்ள போற மாதிரி.

அப்புறம் அந்த ஆர்.சி.சி.பி., 30 மில்லியாம்பியர். அது இல்லாம கொல்லைக்குக் கரண்டு கொண்டு போவறேன்னா கடப்பாரைய மறந்துடு. அது இன்னா பண்ணுதுன்னு கேளு. மீன் ஏலத்துல கணக்குப்புள்ள குந்திக்கினு போன கூடைய எண்ணுவான், திரும்பி வந்த கூடையயும் எண்ணுவான். ஒரு கூடை கொறைஞ்சாலும் 'நிறுத்துடா வியாபாரத்த'ன்னு கத்துவான். இதுவும் அதேதான். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா இருக்கணும். 30 மில்லியாம்பியர் கொறைஞ்சா, அது எவன் ஒடம்பு வழியாவோ பூமிக்குப் போவுதுன்னு நெனச்சி கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள சுவிட்ச உழ வெச்சிடும். அதுல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், மாசத்துக்கு ஒரு தரம் அமுக்கு. உழலன்னா கணக்குப்புள்ள தூங்கிட்டான், மாத்து.

எர்த்துக் குழி வேற. உப்பு மண்ணு எர்த்துக்கு நல்லதுதான், கரண்டு சுளுவா எறங்கும். அதே உப்பு எர்த் பைப்பயும் சுளுவாத் தின்னுடும். சொந்தக்காரன் மாதிரி. வருசத்துக்கு ஒரு தரம் தொறந்து பாரு. மீட்டருக்கு முன்னால இருக்கற வயரு வாரியத்து சொத்து, அதுல உன் சிப்காட்டு வித்தைய காட்டாத. அங்க ஏதாச்சும்னா மின்னகம் நம்பர் 94987 94987, ராத்திரி பகல் எடுப்பாங்க.

கடைசியா உன் பூநாரை. அது வயித்துல 230 வோல்ட்டு எதுக்கு? மோட்டாருக்கு வேணும், சரி. ஒரு செவப்பு வெளிச்சத்துக்கு பன்னண்டு வோல்ட்டு எல்.ஈ.டி. போதும். டிரான்ஸ்பார்மர வூட்டுக்குள்ள வெச்சிட்டு, அந்தப் பன்னண்ட மட்டும் வெளிய அனுப்பு. அந்த வயர அரை அடியிலயே புதைச்சிக்கோ, கோழி கெளறினாலும் கோழிக்கு ஒண்ணும் ஆவாது. பாரு, செல்லுல சொன்னவனுக்கும் ஒரு மரியாதை குடுத்தாச்சி. நாளைக்கு உன் புள்ள அந்தப் பூநாரை கழுத்தக் கட்டிக்கினு மழையில ஆடும், இல்லன்னு சொல்லு? புள்ளைங்க கட்டிப் புடிக்கற எடத்துல பெரிய கரண்டு இருக்கக் கூடாது. இதுல நையாண்டி ஒண்ணும் இல்ல.

இன்னா, கெளம்பிட்டியா? கடப்பாரைய வெச்சிட்டு குந்து. உன் கெணத்தடியில ஒரு முருங்கை நிக்குதே, வாரத்துக்கு ரெண்டு நாள் சாம்பாருக்கு ஒடிக்கற, அத்த நட்டது யாருன்னு நெனச்ச? உங்க அம்மா பங்குன்னு அந்தக் கொல்லை உனக்கு வர்றதுக்கு முன்னால என் ஆட்டுக்கொட்டாய் அங்கதான் இருந்துது. வெட்டுப்பட்ட அந்த வயர நான் தோண்டி எடுக்கவே இல்ல. முனையில டேப்பு சுத்தி மண்ணத் தள்ளிட்டேன். இந்தப் பக்கத்து முனைய என் வூட்டு மெயின்லேர்ந்து கழட்டினேனா, இல்லியான்னு உன் அத்தையத்தான் கேக்கணும்.

எழுந்திரு. மொதல்ல என் வூட்டு மெயின எறக்குவோம்.